சேர்ப்பது இருக்கட்டும், போனவர்களைப் போய்ப் பார்த்தீர்களா?

கேள்வி:

ஐயா, எங்கள் வர்த்தக சங்கத்துக்குச் செயலாளராகப் பொறுப்பேற்று நான்கு மாதம் ஆகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் 240 உறுப்பினர்கள் இருந்தார்கள். இப்போது 171 பேர். ஆண்டுதோறும் ஒரு மாதம் முழுக்கப் படியேறி இறங்கி உறுப்பினர் சேர்க்கை நடத்துகிறோம். ஒவ்வொரு முறையும் 45 பேர் அளவில் சேர்கிறார்கள். அடுத்த ஆண்டு சந்தா கேட்டுப் போனால் பலர் “பார்க்கலாம்” என்று அனுப்பிவிடுகிறார்கள். புதிதாகக் கேட்கப் போகும் இடத்தில் “சேர்ந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?” என்கிறார்கள். சங்கம் அலைந்து திரிந்து எதை வாங்கிக் கொடுத்தாலும் சேராதவருக்கும் அது கிடைத்துவிடுகிறது. அதையும் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். எனக்குப் பதில் வருவதில்லை. புதியவர்களுக்கு முதல் ஆண்டுச் சந்தாவைப் பாதியாகக் குறைக்கலாம் என்று அடுத்த செயற்குழுவில் தீர்மானம் வரப்போகிறது. என் மனம் ஒப்பவில்லை. ஆனால் மாற்றாக என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

— ஒரு வர்த்தக சங்கச் செயலாளர்

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். காரணத்தை உங்கள் கடிதத்திலிருந்தே எடுத்துச் சொல்கிறேன்.

நீங்கள் கொடுத்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஆண்டுக்கு 45 வீதம் மூன்று ஆண்டில் 135 பேர் சேர்ந்திருக்கிறார்கள். அப்படியும் 240 என்பது 171 ஆகியிருக்கிறது. அப்படியானால் அதே மூன்று ஆண்டில் 204 பேர் விலகிப் போயிருக்கிறார்கள். கடிதத்தில் 240 இருக்கிறது, 171 இருக்கிறது, 45 இருக்கிறது. 204 மட்டும் இல்லை. செயற்குழுவிலும் அந்த எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சேர்ந்தவர்களைப் பற்றி ஆண்டறிக்கையில் ஒரு பத்தி வரும், படம்கூட வரும். போனவர்களுக்கு அதில் இடமே கிடையாது. அந்த 204 பேரில் பாதிப்பேர் தங்கியிருந்தால், சேர்க்கையில் ஒருவர்கூட அதிகமாகாமலேயே இன்று உங்கள் கணக்கில் 273 பேர் இருந்திருப்பார்கள்.

ஆகவே இந்த ஆண்டுச் சேர்க்கை மாதத்தைத் தள்ளி வையுங்கள். அந்த ஒரு மாத உழைப்பை, அதே ஆட்களை, விலகிப் போனவர்களைப் பார்க்க அனுப்புங்கள்.

நான் சங்க நிர்வாக ஆலோசனைக்கு வருவதற்கு முன் ஒரு வர்த்தக சபையில் உறுப்பினர் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அப்போது சந்தா புதுப்பிக்காத ஓர் அச்சகக்காரரைப் பார்க்கப் போனேன். உட்காரச் சொன்னார், வந்த காரியத்தைக் கேட்டார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் மேசை இழுப்பறையைத் திறந்து, கிளிப் போட்டு வைத்திருந்த தாள்களுக்குள்ளிருந்து ஒரே ஒரு ரசீதை உருவி என் முன்னால் வைத்தார். எங்கள் சபை கொடுத்த சந்தா ரசீது. “ஒரு வருஷத்தில் உங்களிடமிருந்து எனக்கு வந்தது இதுதான்” என்றார். அப்புறம் எங்கள் ஆண்டுவிழா அழைப்பிதழையும் காட்டினார். யாரோ ஒரு வாடிக்கையாளர் கொடுத்துவிட்டுப் போனதாம். அவருக்கு நாங்கள் அனுப்பவில்லை. அதன் அடியில் வேறோர் அச்சகத்தின் பெயர் இருந்தது. அந்த அச்சகம் உறுப்பினரும் இல்லை. அவர் எங்கள் உறுப்பினர் என்பதே எங்களில் ஒருவருக்கும் நினைவில் இல்லாமல் போயிருக்கிறது. அவர் குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை.

அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த விலகல்களில் பெரும்பகுதி இந்த வகைதான். சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள் கொஞ்சம். தொழிலை மூடியவர்கள், இடம் பெயர்ந்தவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காக நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. மற்றவர்கள் ஓசையில்லாமல் கழன்றுகொண்டவர்கள். சேர்ந்த நாளில் கைகுலுக்கினோம், அடுத்த ஆண்டு சந்தா கேட்கத்தான் மறுபடி போனோம். நடுவில் அந்த மனிதருக்கும் நமக்கும் ஒன்றுமே நடக்கவில்லை.

முதலில் பதிவேட்டை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் சேர்ந்த ஆண்டு, விட்ட ஆண்டு, தொழில், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று நான்கு கட்டங்கள் போதும். ஒரு மாலையில் முடிந்துவிடும் வேலை. போனவர்களில் எத்தனை பேர் முதல் ஆண்டிலேயே போனார்கள் என்று தனியாக எண்ணுங்கள். பெரும்பாலான சங்கங்களில் இந்த எண்தான் நெஞ்சைப் பிடிக்கும், ஏனென்றால் இரண்டு மூன்று ஆண்டு தங்கிவிட்டவர் லேசில் போகமாட்டார். முதல் முறை புதுப்பிக்கும் இடத்தில்தான் ஆள் நழுவுகிறது. தங்கும் விகிதத்தைக் கணக்கிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் ஆண்டு முடிவிலும் இருக்கிறார்கள் என்பதே கணக்கு. நடுவில் சேர்ந்தவர்களை அதில் கலந்தால் உண்மை மறைந்துவிடும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களை ‘நிலுவை’ என்று போட்டு ஆண்டுக்கணக்கில் பட்டியலிலேயே வைத்திருக்கும் பழக்கம் உங்களிடம் இருந்தால் அதையும் விடுங்கள். 171 என்று நீங்கள் எழுதியதில் எத்தனை பேர் உண்மையில் சந்தா கட்டியவர்கள் என்று பொருளாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

பிறகு 20 பேரைப் பொறுக்குங்கள். கடந்த இரண்டு ஆண்டில் விட்டவர்கள், வெவ்வேறு தொழில்காரர்கள். இருவர் இருவராகப் போங்கள், ஒருவர் அதே தொழிலைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது. ரசீதுப் புத்தகம் கையில் இருக்கக் கூடாது. அதைப் பார்த்தவுடன் எதிரில் இருப்பவர் உண்மையைச் சொல்வதை விட்டுவிட்டு உங்களை நயமாக அனுப்பிவைக்கும் வழியைத் தேடுவார். இரண்டு கேள்வி போதும்: சேரும்போது எதை எதிர்பார்த்துச் சேர்ந்தீர்கள்? எந்த இடத்தில் இது வேண்டாம் என்று தோன்றியது? பதில் வரும்போது குறுக்கே பேசி விளக்கம் கொடுக்காதீர்கள். சங்கம் செய்த சாதனைகளை அடுக்காதீர்கள். இதைச் சொல்வது எளிது, அங்கே உட்கார்ந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது மிகவும் கடினம். வெளியே வந்ததும் அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். “தொடர்பு குறைபாடு” என்று உங்கள் பாஷையில் மாற்றி எழுதினால் அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை.

சரி, பாதிச் சந்தா விஷயத்துக்கு வருகிறேன். விலை குறைவு என்பதற்காகச் சேர்ந்தவர் முழு விலை வரும் நாளில் போய்விடுவார். அது அவர் தவறல்ல, அவருக்கு நாம் சொன்ன ஒரே காரணம் விலைதானே. பத்து ஆண்டாக முழுச் சந்தா கட்டிவருபவர், தன் பக்கத்துக் கடைக்காரர் பாதியில் சேர்ந்ததைக் கேள்விப்படும்போது மனத்துக்குள் ஒன்று முறியும். அதைச் சங்கத்துக்கு வந்து சொல்லவும் மாட்டார். உங்களிடம் இருப்பது விலைப் பிரச்சினை அல்ல என்பதற்கு இன்னோர் ஆதாரம், ஆண்டுக்கு 45 பேர் முழுச் சந்தா கட்டிச் சேர்கிறார்கள் என்பதே. வாசலில் தடை இல்லை.

ஆனால் சந்தா முறையில் திருத்த வேண்டியது இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே ஆண்டு முடிவில் சந்தா முடிகிறது என்று வைத்திருந்தால், பத்தாவது மாதத்தில் சேர்ந்தவரிடம் இரண்டு மாதத்தில் மறுபடி பணம் கேட்கிறீர்கள். அவர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார். ஒவ்வொருவருக்கும் சேர்ந்த தேதியிலிருந்து 12 மாதம் என்று வையுங்கள், அல்லது மீதி மாதங்களுக்கு மட்டும் வாங்குங்கள். தனி ஆளாகத் தொழில் நடத்துபவருக்கும் நூறு பேர் வேலை செய்யும் ஆலைக்கும் ஒரே தொகை என்பதும் நியாயமில்லை. ஊழியர் எண்ணிக்கையை வைத்து மூன்று படி வைத்தால் போதும், அதற்கு மேல் போனால் யாருக்கும் புரியாது. காலாண்டுத் தவணைக்கு இடம் கொடுங்கள். இவை எல்லாருக்கும் பொதுவான விதிகள் என்பதால் பழையவர்கள் மனமும் நோகாது.

உங்களை வாயடைக்க வைத்த கேள்விக்கு இப்போது வருகிறேன். சேராதவருக்கும் கிடைக்கிறதே, நான் ஏன் சேர வேண்டும்? இந்தக் கேள்வி உங்கள் சங்கத்துக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்கப் பொருளியலாளர் மேன்கர் ஓல்சன் 1965இல் இதைத்தான் விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஒரு கூட்டம் பாடுபட்டுப் பெறும் பலன் எல்லாருக்கும் போய்ச் சேருமானால், ஒவ்வொருவரும் மற்றவர் பாடுபடட்டும் என்று ஒதுங்கி நிற்பதுதான் இயல்பு, கூட்டம் பெரிதாக ஆக இது கூடும் என்றார். சங்கங்கள் நீடிப்பதற்கு அவர் காட்டிய காரணம், உறுப்பினருக்கு மட்டுமே கிடைக்கும் ஏதோ ஒன்றைப் பொதுப் பலனோடு சேர்த்துக் கொடுப்பது. மற்றொரு வழி கட்டாயம். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் தொழில் நடத்துபவர் சட்டப்படியே வர்த்தக சபை உறுப்பினர், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். ஸ்பெயினிலும் அப்படித்தான் இருந்தது. 2010 இறுதியில் கட்டாயச் சந்தாவை அங்கே நீக்கினார்கள், சபைகளின் வருமானம் சரிந்தது. உங்களுக்குச் சட்டத்தின் துணை இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொருவரும் மனம் வந்து கட்ட வேண்டும்.

அப்படியானால் உறுப்பினருக்கு மட்டும் என்ன கொடுக்கலாம்? 1768இல் நியூயார்க்கில் வணிகர்கள் கூடி ஒரு வர்த்தக சபை தொடங்கினார்கள். அந்தச் சபை மிகத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திய ஒன்று, வணிகத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் நடுவர் குழு. சரக்கு தரமில்லை, பணம் வரவில்லை, சொன்ன தேதியில் அனுப்பவில்லை என்று நீதிமன்றம் போனால் ஆண்டுகள் ஓடும். தொழில் தெரிந்த மூவர் உட்கார்ந்து கேட்டால் இரண்டு மாலையில் முடியும். இருநூற்றைம்பது ஆண்டு கழிந்தும் சிறு வணிகருக்கு இந்தத் தேவை அப்படியே இருக்கிறது. உங்கள் சங்கத்தில் எல்லாருடைய மதிப்பையும் பெற்ற, செயற்குழுவில் இல்லாத மூத்தவர்கள் மூன்று பேரை நீங்களே இந்நேரம் மனத்தில் நினைத்திருப்பீர்கள். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் கேட்பது, ஒரு தரப்பாவது உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது, கேட்டது வெளியே போகாது என்பது ஆகிய விதிகளோடு தொடங்குங்கள். நடுவர் தீர்ப்புக்குச் சட்ட வலிமை வேண்டுமானால் ஒரு வழக்கறிஞரை வைத்து ஒப்பந்த வாசகத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கை. பணம் தராமல் இழுத்தடிப்பவர்கள் பெயர்ப்பட்டியலை உறுப்பினர்களுக்குள் சுற்றுக்கு விடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம், அவதூறு வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். எல்லாரும் ஒரே விலைக்கு விற்போம் என்று கூட்டத்தில் பேசி முடிவெடுப்பதும் கூடாது. பல நாடுகளில் அது போட்டிச் சட்டத்துக்கு விரோதம், உட்கார்ந்திருந்த எல்லாரையும் அது பிடிக்கும்.

பல நாடுகளில் ஏற்றுமதிச் சரக்கு எங்கே உற்பத்தியானது என்பதற்கான சான்றிதழை வர்த்தக சபைகளே வழங்குகின்றன. கண்காட்சிக்கு மாதிரிப் பொருளை வெளிநாடு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவரும்போது இறக்குமதி வரி கட்டாமல் போய்வர உதவும் ஏடிஏ கார்னே என்ற ஆவணமும் சபைகளின் ஏற்பாட்டில்தான் கிடைக்கிறது. சிறிய சங்கத்துக்கு இவற்றை வழங்கும் அதிகாரம் இருக்காது. அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. அதை யார் தருகிறார்கள், என்ன தாள் வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் உங்கள் அலுவலகத்தில் இருந்தாலே முதல் முறை ஏற்றுமதி செய்பவருக்கு அது பெரிய ஒத்தாசை. அரசுப் படிவம் எதுவானாலும் இதே கதைதான். படிவத்தை நிரப்பத் தெரிந்தவரின் அரைமணி நேரம், மேடைப் பேச்சு பத்தைவிட உறுப்பினரை உங்களிடம் நெருக்கமாகக் கொண்டுவரும்.

இத்தனையும் இருந்தாலும், புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மூன்று மாதத்தில் அதில் ஏதாவது ஒன்று கையில் வந்து விழ வேண்டும். என் வேலையில் நான் எதையாவது உறுதியாகச் சொல்வேன் என்றால் அது இந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான்.

ஒரு புது உறுப்பினர் முதல் கூட்டத்துக்கு வருவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறார். கூட்டம் இன்னும் தொடங்கவில்லை. செயற்குழுவினர் ஒரு மூலையில் தங்களுக்குள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர் சுவரோரம் நின்று செல்போனைப் பார்க்கிறார். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் எடுத்தார். சட்டைப் பையில் நாலு பேருக்குக் கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டு வந்த விசிட்டிங் கார்டுகள் பத்துப் பதினைந்து இருக்கின்றன. கூட்டம் தொடங்கி வரவேற்பு, அறிக்கை, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் முடியும்போது மணி ஆகிவிட்டது. எல்லாரும் வண்டியை நோக்கி நடக்கிறார்கள். அவரும் நடக்கிறார். கார்டுகள் அப்படியே பையில் இருக்கின்றன. அடுத்த மாதம் அவர் வரமாட்டார். சந்தா முடிய இன்னும் பத்து மாதம் இருப்பதால் நீங்களும் அதைக் கவனிக்கமாட்டீர்கள். ஆனால் அந்த மனிதர் அன்று இரவே விலகிவிட்டார்.

இதைத் தடுக்கப் பணம் வேண்டாம், ஆள் வேண்டும். ஒருவர் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் தலைவர் தானே போன் செய்ய வேண்டும். வரவேற்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடக் கூடாது. “உங்கள் தொழிலில் இப்போது எந்த வேலை இழுத்துக்கொண்டே போகிறது? சங்கத்தில் யாரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” இந்த இரண்டையும் கேட்டு, பதிலைப் பதிவேட்டில் எழுத வேண்டும். முதல் கூட்டத்துக்கு வரும் நாளில் ஒரு பழைய உறுப்பினர் வாசலிலேயே நின்று அழைத்துக்கொண்டு, அவர் சந்திக்க விரும்பியவர்களில் இரண்டு பேரிடமாவது கூட்டிப்போய் “இவர் இன்ன தொழில், நீங்கள் இருவரும் பேச வேண்டியது இருக்கிறது” என்று விட்டுவிட வேண்டும். பெயர் அட்டையில் பெயருக்குச் சமமாகத் தொழிலையும் பெரிய எழுத்தில் போடுங்கள். மூன்று மாதம் முடிவதற்குள், அவர் சொன்ன அந்த இழுக்கிற வேலையில் ஏதாவது ஒரு படி நகர்ந்ததா என்று யாராவது கேட்க வேண்டும். நகரவில்லை என்றாலும் பரவாயில்லை. கேட்டார்கள் என்பது அவருக்கு நினைவிருக்கும்.

ஆண்டுக்கு 45 பேர் என்றால் மாதத்துக்கு நான்கு பேர்கூட வராது. செயற்குழுவில் பத்துப்பேர் இருந்தால் ஆளுக்கு ஆண்டில் நான்கைந்து பேரைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். நேரமில்லை என்று இதற்கு யாரும் சொல்ல முடியாது. ஒரே மாதத்தில் 45 பேரையும் சேர்த்துத் தள்ளுவதால்தான் யாரையும் கவனிக்க முடியாமல் போகிறது. ஆகவே மறுபடி சேர்க்கை நடத்தும்போது அதை ஆண்டு முழுக்கப் பரப்புங்கள்.

கூட்டங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பேச்சுக்குப் பாதி நேரம், உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பாதி நேரம் என்று வையுங்கள். சொன்ன நேரத்தில் தொடங்கி, முக்கியமாகச் சொன்ன நேரத்தில் முடியுங்கள். எப்போதும் ஒரே நேரம் என்றால் சிலர் எப்போதுமே வர முடியாது. மாலையில் வியாபாரம் சூடாக இருப்பவர், வீட்டுப் பொறுப்பு உள்ள பெண் தொழில்முனைவோர், இரவு ஷிப்டு ஓட்டும் ஆலைக்காரர் என்று யாராவது விடுபட்டுக்கொண்டே இருப்பார்கள். அவ்வப்போது காலைக் கூட்டமும் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துப் படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் அடியில் உங்கள் அறிவிப்பு புதைந்து போகிறது என்றால், அறிவிப்புக்கு மட்டும் தனிக்குழு வைத்து நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி செய்துவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு செய்தி போதும்.

ஆறாவது மாதம் ஒரு போன். சந்தா பேச்சே எடுக்கக் கூடாத போன் அது. பிறகு சந்தா முடிய 60 நாள் இருக்கும்போது புதுப்பிக்கும் கடிதம். அந்தக் கடிதத்தில் சங்கத்தின் சாதனைகளை எழுதாதீர்கள். அந்த உறுப்பினர் எந்தக் கூட்டங்களுக்கு வந்தார், யாரிடம் அறிமுகமானார், எந்தப் படிவத்துக்கு உதவி கேட்டார், எந்தக் கோரிக்கை மனுவில் அவர் பிரச்சினை இடம்பெற்றது என்று அவர் கணக்கை மட்டும் நான்கு வரியில் எழுதுங்கள். எழுத உட்காரும்போது சிலர் பெயருக்கு எதிரில் ஒன்றுமே இருக்காது. அவர்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம், நேரில் போங்கள். 60 நாளில் அவருக்கு உருப்படியாக ஏதாவது செய்ய இன்னும் இடம் இருக்கிறது. பில் யாருக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். பழைய விலாசத்துக்குப் போய்க்கொண்டிருக்கலாம், அல்லது கணக்காளர் மேசையில் மற்ற பில்களோடு கிடக்கலாம். அதனாலேயே விட்டுப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். விலக வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு இருந்ததில்லை.

இதெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு சேர்க்கையைத் தொடங்குங்கள். எல்லாரிடமும் ஒரே துண்டுப் பிரசுரத்தோடு போகாதீர்கள். கணக்காளர், காப்பீட்டு முகவர், அச்சகம், கணினி பழுதுபார்ப்பவர் போல மற்ற தொழில்களுக்கு வேலை செய்து பிழைப்பவர்கள் அறிமுகத்துக்காக வருவார்கள். அவர்களிடம் கூட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். சில்லறைக் கடைக்காரருக்கு வாகனம் நிறுத்தும் இடமும் தெருவிளக்கும் குப்பையும்தான் கவலை. அதைப் பேசுங்கள். பெரிய ஆலைக்கு உங்கள் அறிமுகம் தேவையில்லை. அரசிடம் பேசும்போது தனியாகப் போகாமல் ஊரோடு போக வேண்டும் என்பதும், பயிற்சி பெற்ற ஆள் கிடைக்க வேண்டும் என்பதும் அவர்கள் தேவை. கேட்கப் போகிறவர் செயலாளராக இருப்பதைவிட, அதே தொழிலில் உள்ள, சங்கத்தால் பயன்பெற்ற ஓர் உறுப்பினராக இருப்பது பத்து மடங்கு நல்லது. “என் பாக்கி விவகாரம் இங்கேதான் முடிந்தது” என்று அவர் சொல்லும்போது, எனக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு நீங்கள் பதில் தேடவே வேண்டியிருக்காது.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் சங்கடமானது. போனவர்கள் பட்டியலில் ஒரே வகைத் தொழிலோ, ஒரே பகுதியோ, இளைய தலைமுறையோ கூட்டமாக இருந்தால் சங்கம் யாரோ சிலருடையது என்ற எண்ணம் வெளியே இருக்கிறது என்று அர்த்தம். செயற்குழுவில் அதே பத்துப்பேர் சுழன்று சுழன்று வந்தால், ஒரு கட்சியின் சாயல் படிந்தால், பெரியவர்கள் நலனுக்குச் சிறியவர்கள் கையெழுத்து மட்டும் போடும் நிலை இருந்தால், மேலே சொன்ன எதுவும் ஆளைத் தங்க வைக்காது. பதவிக்கு இத்தனை ஆண்டுதான் என்று விதியில் எழுதுங்கள். புதியவர்களுக்கு ஒரு தேதியில் முடியும் சிறிய வேலைகளைப் பெயர் சொல்லிக் கொடுங்கள்: இந்த மாதக் கூட்டத்துக்குப் பேச்சாளரை அழைப்பது, இந்த மனுவுக்குத் தகவல் திரட்டுவது. சங்கம் ஒரு நிலைப்பாடு எடுக்கும்போது மாற்றுக் கருத்து சொன்னவர் சொன்னதையும் குறிப்பில் எழுதிப் படித்துக் காட்டுங்கள். தோற்றுப்போன தரப்பு அதனால் தங்கிய சங்கங்கள் உண்டு. நீங்கள் பொறுப்புக்கு வந்து நான்கே மாதம் ஆகிறது. இதை முதல் கூட்டத்திலேயே எடுத்தால் எதிர்ப்பு வரும். 20 பேரைப் பார்த்து எழுதிய குறிப்பு கையில் இருக்கும்போது எடுங்கள், அப்போது அது உங்கள் சொந்தக் கருத்தாக இருக்காது.

வரப்போகும் செயற்குழுவில் பாதிச் சந்தாத் தீர்மானத்தை எதிர்க்காதீர்கள், மூன்று மாதம் ஒத்திவைக்கச் சொல்லுங்கள். 204 என்ற எண்ணைப் பலகையில் எழுதுங்கள். அந்த 20 பேரில் ஆளுக்கு இரண்டு பேரைப் பிரித்துக் கொடுத்து, அடுத்த கூட்டத்துக்குள் பார்த்துவர வேண்டும் என்று கேளுங்கள். தீர்மானத்தைக் கொண்டுவந்தவருக்கும் இரண்டு பேரைக் கொடுங்கள். அவர்கள் திரும்பி வந்து சொன்னதை எனக்கும் எழுதுங்கள், உங்கள் சொற்களுக்கு மாற்றாமல், அப்படியே.